டீசல் கழுத்தில் இறங்கிய தண்ணீர்

செய்துங்கநல்லூருக்கு முன்னால், புளியமர நிழல் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கும்போதே வண்டி இருமியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்னொரு இருமல். பிறகு எஞ்சின் சத்தமே இல்லாமல், போன வேகத்திலேயே உருண்டு, நிழலுக்குப் போகாமல் நட்ட வெயிலில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு, "நல்ல எடமாப் பாத்து நிக்குது," என்றாள்.

பின்னால் வண்டி நிறைய வாழை இலை. ஸ்ரீவைகுண்டத்துத் தோட்டங்களில் விடியும்போது அறுத்தது. நெல்லை டவுணில் ரத வீதிப் பக்கம் இலைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அதை உச்சிப்பொழுதுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கிருந்து கல்யாண மண்டபங்களுக்கும் மெஸ்களுக்கும் போகும். அந்த ஓட்டம்தான் எங்கள் பிழைப்பு. என் மனைவி தோட்டத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து இலையை அடுக்கி, வாழை நாரால் கட்டுப்போட்டுவிட்டு, இறக்கிவிடுவதற்காக என்னோடேயே டவுணுக்கு வந்துவிடுவாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் லாரிகளின் பின்புறத்தில்தான். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால், அது என்னைத் திட்டியதாகவே இருந்தாலும், மனசில் போட்டு வைத்துக்கொள்வேன்.

அப்படிப் போட்டு வைத்ததில் ஒன்று, அண்ணாச்சி அதற்கு முந்தின வாரம் சொன்னது. வண்டி அதற்குள் இரண்டு தடவை வழியில் நின்று, இலை வதங்கி, மண்டபத்துக்காரர் அவரைப் பிடிபிடி என்று பிடித்திருந்தார்.

"இலை செத்தா எழுப்ப முடியாது வே," என்றார் என்னிடம். "மனுசனுக்காவது ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருக்கு. இன்னொரு தடவ நீரு வழியில நின்னீர்னா, ஓட்டத்த வேற வண்டிக்குக் குடுத்துருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படப் புடாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடாமல் சொன்னார். அதனால்தான் சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது. எங்கள் வண்டி வயசுக்கு அதை நம்பிப் புதிதாக யாரும் லோடு ஏற்ற மாட்டார்கள். அண்ணாச்சி கை விட்டால், அதைப் பழைய இரும்பாக எடைக்கு எடுக்கிறவனிடம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கப்புறம் நான் என்ன செய்வது என்பதை யோசிக்கவே பயந்தேன்.

முதல் தடவை நின்றபோதே மெக்கானிக் பில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே டீசலுக்குக் கீழே தண்ணீர் தனியாக நின்றது. "டீசலா வே இது? சர்பத்து," என்றார். டீசலில் தண்ணீர் இருந்தால் பங்க்கில்தான் கலந்திருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் ஒரே மனசாக முடிவு செய்தோம். நான் நேரே அந்த பங்க்குக்குப் போய் வாய்க்கு வந்ததைப் பேசினேன். டீசல் அடிக்கிற தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, உங்களுக்கு முன்னால ஊத்துன பஸ்ஸு திருச்செந்தூர் போயிட்டுத் திரும்பியே வந்துருச்சு," என்றான். எனக்கு அது உறைக்கவில்லை. வேறு பங்க்குக்கு மாறினேன். டேங்கைக் கழற்றிக் கழுவினோம். பில்டரை மாற்றினோம். வண்டி மறுபடியும் நின்றது.

இப்போது மூன்றாவது தடவை. அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவர் திட்டவில்லை.

"எங்கன நிக்கேரு?"

சொன்னேன்.

"வேற வண்டி அனுப்புதேன். அதுவரைக்கும் இலையையாவது நனைச்சு வையும்." வைத்துவிட்டார்.

அது ஆவணி மாசம். காற்று வேறு சூடாக அடித்தது. மேல் கட்டுகளின் ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. எங்கள் தொழிலில் இலையை உலர விடக் கூடாது. வாய்க்கால் பாலம் வருகிற இடமெல்லாம் வண்டியை நிறுத்தி, வாளியில் கயிறு கட்டித் தண்ணீர் மொண்டு, லோடு மேலே விசிறி ஊற்றிவிட்டுத்தான் போவோம். நான் அன்றைக்கும் வாளியை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்து வாய்க்காலுக்கு ஓடினேன். மொண்டு வந்து, டயர் மேல் ஏறி நின்று, கட்டுகள் மேல் ஊற்றினேன். மறுபடி ஓடினேன். மறுபடி ஊற்றினேன். என் மனைவி வண்டி விழுத்திய கொஞ்சம் நிழலில், டேங்க் இருக்கிற பக்கமாகத் தரையில் குத்தவைத்து இருந்தாள்.

"இங்க வாங்க," என்றாள்.

"வேலையா இருக்கேன்லா."

"அந்த வேலையத்தான் சொல்லுதேன். இன்னொரு வாளி ஊத்துங்க. அதே எடத்துல."

ஊற்றினேன்.

"நல்லாப் பாருங்க. அங்கன சொட்டுது, இங்கன சொட்டுது, டயருக்கு மேல அருவியாட்டம் கொட்டுது. இந்த ஒரு எடத்துல மட்டும் தண்ணி வருது, கீழ விழ மாட்டேங்குது. எங்க போவுது?"

இறங்கிப் பார்த்தேன். எங்கள் வண்டியில் டீசல் டேங்க், லோடு ஏற்றுகிற பலகைக்கு அடியில் இருக்கிறது. வெளியே மூடியைத் திறந்து டீசல் ஊற்றினால், அது ஒரு வளைந்த இரும்புக் குழாய் வழியாக டேங்குக்குள் இறங்கும். பட்டறையில் அந்தக் குழாயைக் கழுத்து என்பார்கள். மூடி நன்றாகத்தான் இருந்தது, பூட்டுகூட வேலை செய்தது. ஆனால் பலகையின் ஓரத்தில் வழிந்த தண்ணீர் ஒரு சரடு மாதிரி சேர்ந்து வந்து அந்தக் கழுத்தின் மேல் விழுந்தது. விழுந்து, காணாமல் போனது.

கழுத்தின் மேல்பக்கம் முழுக்க மண்ணும் இலைக்கறையும் பக்குப் பிடித்திருந்தது. விரலால் சுரண்டினேன். விரல் உள்ளே போய்விட்டது.

அத்தனை வருஷத்துத் துரு மேல்பக்கத்தை மட்டும் தின்றிருந்தது. அடிப்பக்கம் கெட்டியாக இருந்ததால் டீசல் ஒரு சொட்டு வெளியே ஒழுகவில்லை. டேங்கை நிறைய நிரப்பியிருந்தாலாவது மேலே கசிந்து காட்டிக்கொடுத்திருக்கும். நாங்கள் என்றைக்கு நிறைய நிரப்பினோம்? அன்றாடம் ஊற்றி அன்றாடம் ஓட்டுகிறவர்கள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி நிறுத்தி என் கையாலேயே எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இலை வாடக் கூடாது என்று எவ்வளவு அக்கறையாக ஊற்றினேனோ அவ்வளவுக்கு வண்டி கெட்டது. ஒருமுறை நின்ற பிறகு பயந்துபோய் இன்னும் ரெண்டு வாளி அதிகமாகவே ஊற்றினேன்.

"பங்க்காரத் தம்பிய என்ன பேச்சு பேசுனீங்க," என்றாள் மனைவி. "நாமல்லா கலந்திருக்கோம்."

அண்ணாச்சி அனுப்பிய வண்டி வந்தது. புது வண்டி, பெயின்ட் மினுங்கியது. டிரைவர் இறங்கி எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, "பெரியவரு படுத்துட்டாரோ?" என்று கேட்டான். சிரிக்கத்தான் சொன்னான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் வண்டியிலிருந்து கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அவன் வண்டியில் நானே அடுக்கினேன். என் மனைவி கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஓட்டத்தை எங்கள் கையாலேயே தூக்கி வேறு வண்டியில் வைப்பது போல இருந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன். துருப்பிடித்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெரிய லோடு இருக்கு," என்றார். "அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாரும். அன்னைக்கு நீரு கொண்டு வந்து சேத்தா, ஓட்டம் உமக்கு. இல்லன்னா, இதோட விட்டுருவோம்."

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பாளையங்கோட்டைப் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் கழுத்தைக் கழற்றக் கையை வைத்தார். மேல்பாதி அப்பளம் மாதிரி உடைந்து அவர் கையோடு வந்தது. "உம்ம வண்டிய நான் இனிமே தொடமாட்டேன் வே, கொலைக்கேசாயிரும்," என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "புதுசு கெடைக்குதான்னு பாரும்," என்றார்.

கிடைக்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்குப் படமே வரமாட்டேங்குது அண்ணே, சாமான் எங்க வரும்?" என்றார். பேட்டைப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போனேன். அந்த ஆள் ஒரு குவியலைக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வண்டியின் கூடப்பிறந்த கழுத்துகள் அங்கே கிடந்தன. ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டினேன். பொடி கொட்டியது. அடுத்ததும் அப்படித்தான்.

"எல்லாமே போயிருக்கே," என்றேன்.

"ஒரே ஊரு, ஒரே மழை," என்றார் அவர். "உம்ம வீட்டுக்கு மட்டுமா வந்துட்டுப் போச்சு?"

மறுநாள் மெக்கானிக்கும் நானும் பைத்தியக்காரத்தனமாக என்னென்னவோ செய்து பார்த்தோம். உடைந்த கழுத்தைத் திரும்பப் பொருத்தி, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கினோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் டியூபுக்கு அடியில் கசிந்து உள்ளேதான் போனது. டேங்க் ஒழுகினால் துணி துவைக்கிற சோப்பைத் தேய்த்து அடைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதையும் பிசைந்து அப்பினோம். மனைவி வந்து பார்த்துவிட்டு, "மேலேருந்து தண்ணி ஊத்துனா சோப்பு என்ன செய்யும்? குளிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். குளித்தது. பட்டறைத் தரையெல்லாம் நுரை.

அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகலாமா என்றேன். இலை உள்ளே வெந்துவிடும் என்றாள். நனைக்காமல் போகலாமா என்றேன். விற்றுவிடலாமா என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் வழி காட்டியது மெக்கானிக்தான். சைலன்சர் செய்கிற பட்டறையில் குழாய் வளைப்பார்களே, அவர்களிடம் கேட்டுப் பாரும் என்றார். அந்த வெல்டிங்காரர் பழைய கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி உட்காருகிற வாயும், டேங்கோடு சேர்க்கிற ரப்பர் குழாய்க்குள் போகிற அடியும் உறுதியாக இருந்தன. அவை இரண்டையும் அறுத்தெடுத்து, நடுவே புதுக்குழாயை வளைத்து வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் கழுத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு தடவ கழுவிட்டு வாரும். டீசல் வாசம் போவல. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தேன். அவர் பற்றவைத்து, செதுக்கி, செங்காவி பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மெக்கானிக் பொருத்தினார். டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து டீசல் குழாயில் இருந்த காற்றை எடுத்தார். கேனில் இருந்த கொஞ்சம் டீசலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் நேராகக் கிளம்பி, யாரைத் திட்டினேனோ அந்தத் தம்பியின் பங்க்குக்கே போனேன். அதுதான் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் சமாதானம் பண்ணலாம் என்றும் ஒரு எண்ணம்.

அவன் குழாயைச் செருகி அடித்தான். கொஞ்ச நேரம்தான். குபுக்கென்று டீசல் திரும்பி வந்து அவன் கை, சட்டை எல்லாம் தெறித்தது.

அவன் கையை உதறிக்கொண்டே, "அன்னைக்கு வாயால துப்புனீங்க," என்றான். "இன்னைக்கு வண்டியால துப்புதீங்க."

பழைய கழுத்தின் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் உள்ளே போகும்போது டேங்கில் இருக்கிற காற்று வெளியே வருவதற்கான வழி. அதுவும் துருவோடு துருவாக உதிர்ந்து போயிருந்ததால் எங்களில் யாருக்கும் அதன் நினைப்பே வரவில்லை. மறுநாள் காலையில் லோடு ஏற்ற வேண்டும். கழுத்தைக் கழற்றிக் கழுவி எடுத்துக்கொண்டு வெல்டிங்காரரிடம் திரும்ப ஓடினேன். அவர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். வேட்டி மாற்றி, சந்தனமெல்லாம் பூசியிருந்தார்.

"சொந்தத்துல கல்யாணம் வே. பாபநாசம் போணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாரும்."

இறங்குகிற ஷட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்தது இதுதான்: "அங்கன பந்தியில உமக்கு எதுல போடுவாவ?"

"எதுல போடுவாவ? இலையிலதான்."

"அந்த மாதிரி இலைதான் என் வண்டியில வரணும். ஊர்ல பாதிக் கல்யாணத்துக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இப்படியெல்லாம் பேசி ஆளக் கவுக்கேரே," என்று ஷட்டரை மறுபடி தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிய கையோடு அந்தச் சின்னக் குழாயைப் பற்றவைத்தார். காசு கொடுக்கப் போனதற்கு, பஸ்ஸைக் காட்டி ஓடியே போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் கழுத்தை மறுபடி பொருத்தி, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மெக்கானிக் டேங்கின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். டீசல் தெளிவாக இருந்தது. அடியில் மட்டும், கடுகு அளவு, ஒரு மணி மாதிரி தண்ணீர் உருண்டது.

வாளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவியும் கிட்டே வந்து பார்த்தாள்.

"பழைய தண்ணியா இருக்கும்," என்றார் மெக்கானிக். "டேங்கு மூலையில நின்னுருக்கும்."

"இருக்குமா, இருக்கா?" என்றாள் என் மனைவி.

அவர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அடித்திருகை இறுக்கினார். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற நேரம் இல்லை.

மறுநாள் லோடு ஏறியது. அவ்வளவு இலை அந்த வருஷம் ஏற்றியதே இல்லை. நுனி இலை தனி, நுனி போக நறுக்கிய ஏடு தனி, பலகைக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கட்டுகள். கிளம்பும்போது தோட்டத்திலேயே நனைக்கச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நனைக்காமலேயே வண்டியை எடுத்துவிட்டேன். முதல் வாய்க்கால் பாலம் வந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது பாலத்திலும் நிறுத்தவில்லை. மனைவி பின்பக்கக் கண்ணாடியில் லோடைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மேல்கட்டு சுருளுது."

நான் கியரை மாற்றினேன்.

"நிப்பாட்டுங்க."

"போயிரலாம்."

"போயி என்னத்தக் குடுக்க? சருகையா? நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேன்லா."

கருங்குளம் தாண்டி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப எடுக்காதோ என்று பயம். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் மொண்டு டயர் மேல் ஏறினேன். ஏறினவனுக்குக் கை வரவில்லை. வாளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். ஊற்றினால் வண்டி நிற்கலாம். ஊற்றாவிட்டால் இலை நிச்சயம் சாகும். இரண்டில் எது நடந்தாலும் அண்ணாச்சி கடைக்கு நான் இனிமேல் போக வேண்டியதில்லை. வாளி சாய்ந்து தண்ணீர் என் சட்டையிலேயே கொட்டியது.

மனைவி வந்து வாளியை வாங்கிக்கொண்டாள். "நீங்க போயி எஞ்சினக் கேளுங்க," என்றாள். அவளே மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். அதன் பிறகு டவுண் வரைக்கும் வேறெதையும் கேட்கவில்லை. அவள் ஏதோ பேசினாள். ரோட்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஜங்ஷன் பக்கம் ஆற்றுப்பாலத்தில் நெரிசல். முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ, நகர இடமில்லை. பாலத்தின் நடுவில் எஞ்சின் ஒரு தடவை விக்கியது. காலைப் பைய எடுத்து, மறுபடி மிதித்தேன். பிடித்துக்கொண்டது. அது தண்ணீரா, பயத்தில் நான் கிளச்சைத் தவறவிட்டதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடை வாசலில் வண்டியை ஒதுக்கினேன். எஞ்சினை அணைக்காமலேயே இறங்கினேன். ஆட்கள் கட்டுகளை இறக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி ஒரு மேல்கட்டை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு நுனி இலையை உருவினார். அதைக் குறுக்கே மடித்தார். உலர்ந்த இலை என்றால் மடிப்பில் வெடித்துவிடும். மடித்த இடத்தைப் பெருவிரலால் நீவிவிட்டு விரித்துப் பார்த்தார். அடிக்கட்டிலிருந்து ஒரு ஏட்டை எடுத்து அதையும் மடித்தார். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏடு கொஞ்சம் சுணங்கிருக்கு," என்றார்.

"நுனி பரவால்ல." இலையைக் கட்டின் மேலேயே போட்டார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, "எதுக்கு வே அதப் போட்டு உறுமிக்கிட்டே வச்சிருக்கேரு? கடைக்குள்ள பேச்சுக் கேக்கல. அமத்தும்."

"இறக்கி முடியட்டும் அண்ணாச்சி."

"முடிஞ்சா உடனே ஓடிரப் போறேரா?" என்றார். எதிர்ப்பக்கம் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, உள்ளே போகப் படியேறினவர், திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "நாளைக்கு இதவிட வெள்ளன வாரும். மெஸ்காரனுவ காலையிலயே வந்து உக்காந்துக்கிடுதானுவ."

நான் சீட்டில் ஏறி சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அணைந்தது. மனைவி கட்டை இறக்கிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு ஓடி வந்தாள்.

"நின்னு போச்சா?"

"இல்ல," என்றேன். "நாந்தான் அமத்துனேன்."